விதிவிலக்கின் விலை

பெற்றோரின் நிழலை இழந்த இளையோர் எங்கே தங்குகின்றனர், அவ்விடத்தை யார் மேற்பார்வை செய்கின்றனர் என்னும் வினாவிற்கு இங்கிலாந்தின் சட்ட வரலாறு கசப்பான விடையொன்றைத் தருகின்றது. அங்கு சட்டம் விதிவிலக்கு அளித்த இடத்திலேயே இலாபம் குடிபுகுந்தது.

விக்டோரியா காலத்தில், வறுமையுற்ற தாய்மார் தம் குழந்தைகளைக் கூலிக்கு வளர்ப்போரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. பெற்ற பணத்தை மிச்சப்படுத்தும் பொருட்டுக் குழந்தைகளைப் பட்டினியிட்டோரும் இருந்தனர். அத்தொழில் நடத்திய மார்கரெட் வாட்டர்ஸ் 1870இல் குழந்தைக் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்டாள். 1872ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு வயதிற்குட்பட்ட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைக் கூலிக்கு வளர்ப்போர் பதிவுசெய்தல் வேண்டுமென விதித்தது. ஒரே குழந்தையை வைத்திருந்தோரை அது தீண்டவில்லை. அந்த ஓட்டை 1908இலேயே அடைக்கப்பட்டது.

எனினும், ஏட்டுச் சட்டம் மட்டும் காவலாகிவிடாது. உள்ளூராட்சி மன்றத்தினால் ஷ்ரொப்ஷயர்ப் பண்ணையொன்றில் வளர்ப்பதற்கு விடப்பட்ட டெனிஸ் ஓ'நீல் என்னும் 12 வயதுச் சிறுவன், அடியாலும் பட்டினியாலும் 1945 ஜனவரியில் இறந்தான். மேற்பார்வை தவறியமையை மொங்க்டன் விசாரணை வெளிப்படுத்தியது. 1946இல் கேர்ட்டிஸ் குழுவின் அறிக்கையும், 1948இல் சிறுவர் சட்டமும் வந்தன. சிறுவர் நலனுக்கெனத் தனி அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர்.

ஆயினும், பழைய விதிவிலக்கு புதிய சொல்லில் மீண்டும் பிறந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உறைவிடத்துடன் 'பராமரிப்பு' வழங்கும் இல்லமே சிறுவர் இல்லமாகப் பதியப்பட வேண்டியதாயிற்று. வெறும் 'ஆதரவு' வழங்குவதாகக் கூறிய விடுதிகளுக்குப் பதிவுமில்லை, பரிசோதனையுமில்லை. பராமரிப்பிலுள்ள இளையோர் சிலர் கூடாரங்களிலும் கால்வாய்ப் படகுகளிலும் வைக்கப்பட்டமை 2020இல் அம்பலமாயிற்று. 16 வயதிற்குட்பட்டோரை இத்தகைய இடங்களில் வைத்தல் 2021 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டது. 16, 17 வயதினரின் விடுதிகளுக்கு 2023இல் நான்கு தரநிலைகள் விதிக்கப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் 28 முதல், பதிவிற்கு விண்ணப்பிக்காது அவற்றை நடத்துதல் குற்றமாயிற்று.

இது முன்னேற்றமே. ஆனால், பதிவு வந்தபின்னும் அவ்வயதினரை 'ஆதரவு' மட்டும் போதியவராகக் கருத இச்சட்டம் இடமளிக்கின்றது. பதினேழு வயது மாணவரை நாள்தோறும் வகுப்பறையிற் காணும் ஆசிரியர் எவரும், தாயும் தந்தையுமற்ற அவ்வயதுப் பிள்ளைக்குப் பராமரிப்பு வேண்டாமெனத் துணிந்து கூறார். 1872இன் ஒற்றைக் குழந்தை 36 ஆண்டுகள் காத்திருந்தது; இவர்களும் அவ்வாறு காத்திருத்தல் நியாயமன்று.