வாக்கும் மௌனமும்

அரபு மொழியில் குரலுக்கு 'ஸவ்த்' என்று பெயர். இக்கால அரபியில் தேர்தலில் இடும் ஓட்டுக்கும் அச்சொல்லே வழங்குகிறது. தமிழிலோ, சொல்லும் சொல்லும் வாக்கு. கொடுக்கும் உறுதியும் வாக்கு. பெட்டியில் இடும் சீட்டும் வாக்கு. ஓட்டளிப்பது மனிதன் வாய்திறந்து பேசுவதற்கு நிகர் என்பதை இரு மொழியாரும் தனித்தனியே உணர்ந்திருக்கின்றனர். அப்படியாயின், பேசிய பேச்சு திரித்து எழுதப்பட்டது என்ற ஐயம் எழும்போது பேசியவன் என்ன செய்ய வேண்டும்? வாளாவிருப்பதா? வீதிக்கு வருவதா?

மௌனத்தைப் பற்றி ஃபிக்ஹு நூலோர் நுட்பமாக ஆராய்ந்துள்ளனர். வாய் திறவாதவன்மீது எந்தச் சொல்லையும் ஏற்றிக் கூறலாகாது என்பது பொதுவிதி. பேசியே ஆகவேண்டிய இடத்தில் ஒருவன் காக்கும் மௌனம் பேச்சாகவே கொள்ளப்படும் என்பது அதன் மறுபாதி. உதுமானியப் பேரரசு பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொகுத்த 'மஜல்லா' சட்டநூலில் இவ்விரண்டும் ஒரே விதியாக இணைந்து நிற்கின்றன. பக்கத்து நிலம் விலைபோவதை அறிந்தும் உரிமை கோராதவன் 'ஷுஃப்ஆ' என்னும் முதலுரிமையை இழக்கிறான் என்று மதரஸாவில் ஓதியபோது, அது நிலத்துக்கு மட்டும் உரிய சட்டமென்றே எண்ணியிருந்தேன். பிற்காலத்தில் நாடுகளின் வரலாற்றைப் படித்தபோதுதான், மக்களாட்சிக்கும் அது பொருந்தும் என்பது புலனாயிற்று.

அமெரிக்காவில் 2000 நவம்பர் 7இல் குடியரசுத் தலைவர் தேர்தல் நடைபெற்றது. நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் அல் கோர் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தார். ஆயினும் அந்நாட்டு முறைப்படி மாநிலவாரியான தேர்வாளர்களின் எண்ணிக்கையே முடிவைத் தீர்மானிக்கும். ஃபுளோரிடா மாநிலத்தின் 25 தேர்வாளர்களைப் பெறுபவரே தலைவர் என்ற நிலை ஏற்பட்டது. அங்கே பதிவான ஏறத்தாழ 60 லட்சம் வாக்குகளில், ஜார்ஜ் புஷ் 537 வாக்குகளால் வென்றதாகச் சான்றளிக்கப்பட்டது. துளை சரியாக விழாதவை, இருவருக்குத் துளையிடப்பட்டவை என்று 1,75,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் கணக்கில் சேரவில்லை. கறுப்பின மக்களின் சீட்டுகள் தள்ளுபடியாகும் வாய்ப்பு, பிறரின் சீட்டுகளைவிட ஏறத்தாழ 10 மடங்கு அதிகமாயிருந்தது என்று அந்நாட்டுக் குடியுரிமை ஆணையம் 2001இல் அறிவித்தது.

எதிர்ப்பே எழவில்லை என்று கூறிவிட முடியாது. ஊர்வலங்களும் கண்டனங்களும் நிகழ்ந்தன. எனினும் பெரும்பான்மையோர் தொலைக்காட்சி முன் அமர்ந்து தீர்ப்புக்காகக் காத்திருந்தனர். நவம்பர் 22இல் மையாமி நகரில் எண்ணும் இடத்தை முற்றுகையிட்டுக் கூச்சலிட்டோர், எண்ணுவதை எதிர்த்தவர்களே. அன்றே அங்கு மறுஎண்ணிக்கை கைவிடப்பட்டது. டிசம்பர் 12இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் எஞ்சிய எண்ணிக்கைக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. மறுநாள் கோர் தோல்வியை ஏற்றார்.

2001 ஜனவரி 6இல் முடிவை உறுதி செய்ய நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடின. துணைத் தலைவர் என்ற முறையில் தலைமையிருக்கையில் அமர்ந்தவர், தோற்றுப்போன கோரே! கறுப்பின உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து ஆட்சேபணை கூறினர். ஆட்சேபணை ஏற்கப்பட வேண்டுமானால் செனட்டர் ஒருவரின் கையொப்பமும் அன்றைய சட்டப்படி தேவைப்பட்டது. நூறு செனட்டர்களில் ஒருவர்கூடக் கையொப்பமிட முன்வரவில்லை. தமக்காகப் பேசியவர்களையே கோர் ஒவ்வொருவராக அமரச் செய்தார்.

நாடு கலகமின்றித் தப்பியது என்று இதைப் பாராட்டுவோர் உளர். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்த அமைதியின் விலையைக் கொடுத்தவர் யார்? ஏழை வட்டாரங்களில் பழுதடைந்த பொறிகளில் வாக்களித்த எளியவர்கள் அல்லவா? பேச வேண்டிய இடத்தில் நூறு பேர் காத்த மௌனம், ஏட்டில் சம்மதமாகவே பதிவாயிற்று.

அப்படியானால் வீதிக்கு வருவதே வழியா? பாகிஸ்தானின் வரலாறு வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. 1977 மார்ச் 7இல் அங்கு நடந்த தேர்தலில் பிரதமர் புட்டோவின் கட்சி 200 இடங்களில் 155ஐக் கைப்பற்றியதாக அறிவிக்கப்பட்டது. ஒன்பது கட்சிகள் சேர்ந்த எதிரணிக்குக் கிடைத்தவை 36. புட்டோவும் நான்கு மாகாண முதலமைச்சர்களும் போட்டியின்றியே தெரிவாகியிருந்தனர். எதிரணி மாகாணத் தேர்தலைப் புறக்கணித்தது. நகரங்கள் கொந்தளித்தன. துப்பாக்கிச் சூட்டிலும் கலவரத்திலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஏப்ரலில் கராச்சி, லாகூர், ஹைதராபாத் நகரங்கள் இராணுவச் சட்டத்தின்கீழ் வந்தன.

அம்மக்களின் வீரத்தில் குறை காண முடியாது. குறை வேறிடத்தில் இருந்தது. வாக்கு எவ்வளவு, திருட்டு எவ்வளவு என்று காட்டும் நாடு தழுவிய மாற்றுக் கணக்கு அவர்களிடம் இல்லை. தீர்ப்புக் கூறும் பொதுவானவராகப் பலரும் படையையே நோக்கினர். மறுதேர்தல் பற்றிய பேச்சு கனிந்து வந்த வேளையில், ஜூலை 5ஆம் நாள், ஜெனரல் ஜியாவுல் ஹக் ஆட்சியைக் கைப்பற்றினார். 90 நாட்களில் தேர்தல் என்று அவர் வாக்களித்தார். கட்சிகள் பங்கேற்ற பொதுத்தேர்தலை அந்நாடு மீண்டும் கண்டதோ 1988 நவம்பரில்! திருடப்பட்ட வாக்கை மீட்கப் புறப்பட்டவர்கள் பதினோராண்டுகள் வாக்கையே இழந்தார்கள்.

இவ்விரண்டுக்கும் மாறான மூன்றாம் வழியை 1986இல் பிலிப்பைன்ஸ் மக்கள் காட்டினர். 1965 முதல் ஆண்டுவந்த மார்க்கோஸ், பிப்ரவரி 7இல் திடீர்த் தேர்தலை நடத்தினார். அவரை எதிர்த்து நின்றவர், 1983இல் சுட்டுக்கொல்லப்பட்ட எதிர்க்கட்சித் தலைவரின் மனைவி கொராசோன் அக்கினோ. 'நாம்ஃபிரல்' என்ற குடிமக்கள் அமைப்பு முன்னரே தொண்டர்களைத் திரட்டியிருந்தது. ஆசிரியர்கள், மாணவர்கள், கன்னியர் என லட்சக்கணக்கானோர் சாவடிகளில் காவல் நின்று, எண்ணிக்கைத் தாள்களின் படிகளைப் பெற்றுத் தனியே கூட்டினர். அரசின் ஆணையம் மார்க்கோஸுக்கு 1 கோடியே 8 லட்சமும் அக்கினோவுக்கு ஏறத்தாழ 93 லட்சமும் என்று கூறியது. நாம்ஃபிரல் தன் கைக்கு எட்டிய சாவடிகளில் அக்கினோவுக்கு 78 லட்சம், மார்க்கோஸுக்கு 70 லட்சம் என்று காட்டியது.

பிப்ரவரி 9ஆம் நாள் இரவு, ஆணையத்தின் கணிப்பொறிகளில் பணிபுரிந்தோர் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், தாங்கள் பதிந்த எண்களும் வெளியே காட்டப்படும் எண்களும் ஒவ்வவில்லை என்று கூறி எழுந்து வெளியேறினர். கூலிக்கு வேலை செய்தவர்கள். கட்சித் தலைவர்கள் அல்லர். சர்வாதிகாரியின் அரியணை முதலில் ஆட்டங்கண்டது அந்த நாற்காலிகள் காலியானபோதுதான் என்பேன். அதன்பின் அக்கினோ வங்கிகளையும் நாளேடுகளையும் புறக்கணிக்கும் அறப்போரை அறிவித்தார். 22ஆம் நாள் பாதுகாப்பு அமைச்சரும் படைத் துணைத்தலைவரும் மார்க்கோஸைக் கைவிட்டனர். கர்தினால் சின் வானொலி வழியே அழைக்க, எட்சா நெடுஞ்சாலையில் மக்கள் லட்சக்கணக்கில் திரண்டனர். டாங்கிகளின் முன் மண்டியிட்டவர்களிடம் ஆயுதம் இல்லை. எண்ணப்பட்ட கணக்கு ஒன்று இருந்தது. 25ஆம் நாள் இரவு மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார்.

கணக்கற்ற கூச்சல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. கோர் தலைமை வகித்த அதே மன்றத்தை, சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, 2021 ஜனவரி 6இல் ஒரு பெருங்கூட்டம் தாக்கியது. தேர்தல் திருடப்பட்டது என்று அக்கூட்டம் நம்பியது. ஆனால் முடிவை மாற்றக்கூடிய சான்று எதையும், தொடுக்கப்பட்ட 60க்கும் மேற்பட்ட வழக்குகளில் எவராலும் காட்ட முடியவில்லை. சாட்சியம் இல்லாத குரல் அநீதியைத் தடுக்காது. அதுவே அநீதியாக மாறும்.

சாட்சி சொல்பவரை அரபியில் 'ஷாஹித்' என்கிறோம். அச்சொல்லின் வேரில் 'நேரில் இருத்தல்' என்ற பொருள் உறைகிறது. இடத்தில் இல்லாதவன் சாட்சியாக முடியாது. மணிலா மக்கள் வென்றது வீதிக்கு வந்ததால் மட்டும் அன்று. வீதிக்கு வருமுன் சாவடியில் இருந்ததால். அந்த வெற்றியும் தானாக நிலைத்திருப்பதன்று. 2022இல் அதே நாட்டு மக்கள் மார்க்கோஸின் மகனையே தலைவராகத் தேர்ந்தனர். கண்டவர்கள் தம் மக்களுக்குச் சொல்லாவிடில், அடுத்த தலைமுறைக்கு எட்சா வெறும் சாலையின் பெயராகிவிடும்.

நம் வீடுகளில் தேர்தல் நாளன்று விரலில் மையிட்டுக்கொண்டு திரும்பியதும் கடமை தீர்ந்தது என்று அமர்ந்துவிடுகிறோம். முகவராகச் சாவடியில் அமரவும், எண்ணும் இடத்தில் விழித்திருக்கவும், பட்டியலில் அண்டை வீட்டாரின் பெயர் உண்டா என்று பார்க்கவும் எத்தனை பேர் முன்வருகிறோம்? தவறு நேர்ந்தபின் எழுப்பும் குரலுக்கு வலுத் தருவது, தவறு நேருமுன் காத்த விழிப்பே. வாக்கு நம் குரலாயின், அது சரியாக எழுதப்படும்வரை அருகில் நிற்பதும் நம் பொறுப்பே ஆகும்.