கூடையில் ஆறு கடந்த கதை

நகரிக்காரன் படகைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம் மக்களே! எங்கள் ஊருக்கும் ஆறு உண்டு. ஆந்திரப் பக்கம் குசஸ்தலி, நகரி ஆறு. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் கொசஸ்தலை. பூண்டி ஏரியை (1944-ல் கட்டியது) நிரப்பிவிட்டு எண்ணூரில் கடலில் சேருகிற அதே ஆறுதான். வருடத்தில் பாதிக்கு மேல் வெறும் மணல். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் திடீரென்று கோபம் வந்து, 2021 நவம்பரில் வந்த மாதிரி, கரையோரத்து ஆட்களை எல்லாம் மேட்டுக்கு ஓட வைக்கும்.

வேடிக்கை என்னவென்றால், கப்பல்காரர்களுக்கு எங்கள் ஊரை நன்றாகவே தெரியும். சென்னைக் கடலில் வருகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் நகரி மூக்கு மலைதான் அடையாளம். மலை கப்பலுக்குப் பயன்பட்டது, ஆறுதான் ஒரு படகுக்கும் பயன்படவில்லை என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. அதனால் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் தெரிந்திருக்கும். தமிழில் பரிசல், தெலுங்கில் புட்டி. கன்னடக்காரர்கள் ஹரிகோலு என்கிறார்கள். தெலுங்கில் புட்டி என்றால் நெல் அளக்கிற பெரிய அளவையும்கூட. கூடை மாதிரி இருப்பதால் அளவையின் பெயர் படகுக்கு வந்ததா, இல்லை தற்செயலா, அதை மொழி தெரிந்தவர்கள் சொல்லட்டும். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

பரிசலைப் பற்றி எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் டொமிங்கோ பயஸ். போர்ச்சுக்கீசியர். 1520 வாக்கில், கிருஷ்ணதேவராயர் காலத்தில், விஜயநகரத்துக்கு வந்தவர். துங்கபத்திரையின் அக்கரையில் இருக்கும் ஆனெகுந்திக்குப் போக மக்கள் எப்படி ஆறு கடந்தார்கள் என்று விவரமாக எழுதியிருக்கிறார். கூடை மாதிரி வட்டமான படகு, உள்ளே பிரம்பு, வெளியே தோல். பதினைந்து, இருபது பேர் ஏறலாம். அவசியமானால் குதிரையும் மாடும்கூட ஏறும். துடுப்பு போடப் போட, படகு சுற்றிக்கொண்டே போகும், மற்ற படகுகளைப் போல நேராகப் போகாது. இந்த ராஜ்ஜியத்தின் ஆறுகளில் வேறு படகே கிடையாது என்றும் சொல்கிறார். ராபர்ட் சுவெல் 1900-ல் வெளியிட்ட விஜயநகர வரலாற்றில் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது.

1565-ல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு அந்த ராஜ்ஜியம் தெற்கே நகர்ந்து, பெனுகொண்டாவுக்கும் பிறகு எங்கள் பக்கத்துச் சந்திரகிரிக்கும் வந்து சேர்ந்தது. 1639-ல் பிரான்சிஸ் டே சென்னையில் இடம் வாங்கிய சமயத்தில் ராயர் சந்திரகிரிக்காரர்தான். அதனால் பயஸ் பார்த்த அந்தக் கூடைப் படகில் எங்கள் ஊருக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று உரிமை கொண்டாடிக்கொள்கிறேன் :-)

சரி, இந்தக் கூடையில் அப்படி என்ன இருக்கிறது? நான் ஒகேனக்கலில் ஏறியிருக்கிறேன். மூங்கிலைச் சிம்பு சிம்பாகப் பிளந்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, விளிம்பில் தடிப்பாகக் கட்டுகிறார்கள். முன்பு மாட்டுத்தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்துவிட்டன, ஃபைபர் பரிசலும் உண்டு. அடி தட்டையாக இருப்பதால் கொஞ்சம் தண்ணீர் போதும். ஒகேனக்கலில் காவிரி பாறைகளுக்கு நடுவே பிரிந்து பிரிந்து ஓடுகிறது. அங்கே அடிக்கட்டை உள்ள படகு முதல் பாறையிலேயே மாட்டிக்கொள்ளும். பரிசல் மாட்டாது. மூங்கில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பாறைமேல் வழுக்கிக்கொண்டு போகும், இடித்தாலும் சுற்றிக்கொண்டு விலகிவிடும். நேராகப் போகாதது குறை என்று பயஸ் நினைத்திருக்கலாம். முன்பக்கம் பின்பக்கம் என்று எதுவும் இல்லாத படகைச் சுழலும் தண்ணீரில் எந்தப் பக்கமும் திருப்பிவிடலாம் என்பதுதான் பரிசல்காரரின் கணக்கு.

எங்களை ஏற்றிக்கொண்டு போனவர் துடுப்பை அதிகம் போடவே இல்லை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளுப்பாக நுரைத்தால் கீழே பாறை, கறுப்பாக வழவழவென்று இருந்தால் ஆழம், ஒரே இடத்தில் மேடு தட்டினால் அதற்குச் சற்று மேலே ஒளிந்திருக்கிற கல். சின்னச் சலசலப்பில் துடுப்பை ஒருமுறை தன் பக்கம் இழுத்தார், பரிசல் அரைவட்டம் அடித்து நடுத்தண்ணீருக்குப் போனது. திரும்பும்போது நாங்கள் இறங்கி நடந்தோம். அவர் பரிசலைக் குடைபோலத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறையில் ஏறினார்.

இதில் ராணுவக்காரர்களும் வருகிறார்கள். ஆர்தர் வெல்லஸ்லி, அதாவது பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன், 1800-ல் தூந்தியா வாக்கைத் துரத்தியபோதும், 1803-ல் மராத்தியர்மேல் படையெடுத்தபோதும், மழைக்காலத்து ஆறுகளைத் தாண்டக் கூடைப் படகுகளைத்தான் செய்ய வைத்தார். மூங்கிலும் தோலும் போகிற இடத்தில் கிடைக்கும், பாலம் கட்டக் காத்திருக்க வேண்டாம்.

அவருக்கு 1,850 வருடத்துக்கு முன்னாலேயே ஜூலியஸ் சீசர் ஸ்பெயினில் இதே வேலையைச் செய்திருக்கிறார். கி.மு. 49-ல் வெள்ளம் பாலங்களை அடித்துக்கொண்டு போக, பிரிட்டனில் தான் பார்த்த மாதிரி, பிரம்பு பின்னித் தோல் போர்த்திய படகுகளைச் செய்யச் சொல்லி ஆற்றைத் தாண்டினார். அதற்கும் நானூறு வருடம் முன்னால் ஹெரோடோட்டஸ், பாபிலோனுக்கு வரும் வட்டத் தோல் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு படகிலும் ஒரு கழுதை இருக்குமாம். ஆற்றோடு இறங்கி வந்து, சரக்கையும் படகின் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலைக் கழுதைமேல் ஏற்றி ஊருக்கு நடந்து போவார்களாம். நீரோட்டத்தை எதிர்த்துப் போக முடியாத படகுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஒகேனக்கலில் தலையில் சுமக்கிறார்கள், அங்கே கழுதை சுமந்தது.

சீசர் பிரிட்டனில் பார்த்ததன் வாரிசை நானும் இங்கே வேல்ஸில் பார்த்தேன். டைவி, டவி ஆறுகளில் ஒரு ஆள் மட்டும் உட்காரும் சின்னப் பரிசல். பெயர் கோரகிள். சட்டம் மரச் சிம்பில், மேலே துணியும் தாரும். இரண்டு பரிசல்கள் நடுவில் வலை பிடித்துக்கொண்டு ஆற்றோடு மிதந்து போய் மீன் பிடிப்பார்கள். உரிமம் பெற்றவர்கள் குறைந்துகொண்டே போய் இப்போது விரல்விட்டு எண்ணலாம். தட்டையான அடி, முன்னால் போடுகிற துடுப்பு, முதுகில் சுமந்து நடப்பது... ஒரு நிமிடம் தர்மபுரியில்தான் நிற்கிறேனோ என்று தோன்றியது. இரண்டையும் ஆராய்ந்த மனிதர் ஒருவரே. ஜேம்ஸ் ஹார்னெல், சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்தவர். தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றி 1933-ல் எழுதினார், பிரிட்டனின் பரிசல்களைப் பற்றி 1938-ல் புத்தகமே போட்டார். இங்கிருந்து அங்கே போனதா, அங்கிருந்து இங்கே வந்ததா என்று சண்டை போடத் தேவையில்லை. மூங்கிலோ பிரம்போ, தோல், வேகமான ஆழமில்லாத ஆறு, இந்த மூன்றும் இருந்தால் எந்த ஊர்க்காரனுக்கும் இந்த யோசனை வரும்.

இத்தனை பெயர் எழுதிவிட்டேன், பயஸ், வெல்லஸ்லி, சீசர், ஹார்னெல். எல்லாம் ஏறி உட்கார்ந்தவர்கள், பார்த்தவர்கள், உத்தரவு போட்டவர்கள். ஆனெகுந்தித் துறையில் துடுப்பு போட்டவர் பெயர் எங்கும் இல்லை. தோலைப் பதப்படுத்திக் கொடுத்தவர் பெயர் சுத்தமாக இல்லை. தோலைத் தொட்டாலே தீட்டு என்று சொன்ன ஊர்களில், அக்கரைக்குப் போக எல்லோரும் அந்தத் தோலை நம்பித்தான் உட்கார்ந்தார்கள். கரையேறியதும் குளித்தார்களோ என்னவோ, ஆற்றின் நடுவில் மட்டும் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். இதை எழுதி வைக்க ஒரு பயஸ் கூட வரவில்லையே என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

இன்றைக்குத் துறைகள் இருந்த இடங்களில் பெரும்பாலும் பாலம். பரிசல் பிழைத்திருப்பது ஒகேனக்கல், ஹம்பி மாதிரிச் சுற்றுலா இடங்களில்தான். அதுவும் தண்ணீரின் தயவில். கர்நாடக அணைகள் நிரம்பித் திறந்துவிட்டால் ஒகேனக்கலில் வெள்ளம், கலெக்டர் தடை போடுவார். திறக்காவிட்டால் பாறைதான் தெரியும். நடுவில் இருக்கிற அளவான தண்ணீர் நாட்கள்தான் அவர்களுக்குச் சம்பளம். மேட்டூருக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்று வரும் செய்தியை நம்மில் பலர் டெல்டா விவசாயத்துக்காகப் படிப்போம். அதே செய்தியின் கடைசி வரியில் 'பரிசல் இயக்கத் தடை நீடிக்கிறது' என்று இருக்கும். நான் இப்போதெல்லாம் அந்த வரியை முதலில் தேடுகிறேன்.