நார்கொண்டம் தீவு

அந்தமான் கடலில், வட அந்தமானுக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் தனித்து நிற்கும் எரிமலைத் தீவு. பரப்பு ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர். உச்சி 710 மீட்டர். அடி முதல் முடி வரை காடு. முடியைப் பெரும்பாலும் மேகம் மூடியிருக்கும். இங்கு ஊர் இல்லை. 1960-களின் இறுதியில் அமைந்த காவல் சாவடிக்கு முறைவைத்து வந்துபோகும் காவலர்களே இதன் மக்கள். இத்தீவுக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரு பறவை: நார்கொண்டம் இருவாட்சி. உலகில் வேறெங்கும் இது இல்லை.

பெயர்

‘நரக குண்டம்’ என்பதே திரிந்து நார்கொண்டம் ஆயிற்று என்பர். தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிக்கல் வேறிடத்தில் உள்ளது: எழுத்தில் வரலாறு தொடங்கிய பின் இத்தீவு நெருப்புக் கக்கியதாகப் பதிவில்லை. தென்மேற்கே சுமார் 140 கி.மீ. தொலைவிலுள்ள பாரன் தீவோ 1787-இல் எரிந்தது. 1991-இல் மீண்டும் விழித்து, அதன்பின் பலமுறை குமுறியிருக்கிறது. ஆகவே நரக குண்டம் என்ற பெயர் பாரன் தீவுக்கே உரியதாக இருந்திருக்கலாம்; கடல் வரைபடம் வரைந்தவர்கள் அதைத் தவறாக வடக்கே ஒட்டியிருக்கலாம் என்பது ஓர் ஊகம். 

இருவாட்சியின் வகைப்பாடு

இப்பறவையை 1873-இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1885-இல் காங்கிரசை உருவாக்கியவர் என்றே பாடநூல்கள் அவரைச் சொல்லும். அதற்கு முன் அவர் பறவைப் பித்தர். அவர் இட்ட பெயர் ரிட்டிசெரோஸ் நார்கொண்டமி. முதற்பாதி கிரேக்கம்; ‘சுருக்கம் விழுந்த கொம்பு’ என்று பொருள்படும். அலகின் மேலுள்ள மடிப்புகளை அது குறிக்கிறது. 20-ஆம் நூற்றாண்டில் இதை ஏசெரோஸ் பேரினத்தில் சேர்த்தார்கள். பிறகு ஹியூம் வைத்த இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். அவர் கண் தவறவில்லை.

நீளம் 66 செ.மீ. அளவு, தன் பேரினத்தில் மிகச் சிறியவற்றுள் ஒன்று. ஆணின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண்ணுக்கு அவையும் கறுப்பு. இரண்டுக்கும் வால் வெண்மை; தொண்டைத் தோல் நீலம் பாய்ந்த வெள்ளை. அந்தமான், நிக்கோபார் தீவுகள் வேறெதிலும் இருவாட்சியே கிடையாது என்பது கவனிக்கத்தக்கது. நெருங்கிய உறவுப் பறவைகள் பர்மாக் காடுகளில் உள்ளன. மூதாதைப் பறவை கிழக்கிலிருந்து கடல் தாண்டி வந்திருக்கலாம் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

ஒரு நாள் பார்வை

தீவைப் பற்றிய பழைய பதிவுகள் பெரும்பாலும் கப்பல் நின்ற சில நாள்களில், சில மணி நேரங்களில் எழுதப்பட்டவை. கப்பல் தள்ளியே நிற்கும். டுங்கி எனப்படும் சிறு படகில் கரை சேர வேண்டும். பறவையைக் காணும் முன்பே அதன் சிறகொலி கேட்டுவிடும். சிறகின் அடியில் காற்றைத் தடுக்கும் சிறு தூவிகள் இல்லாததால், ஒவ்வொரு அடிப்பிலும் ‘உஸ்… உஸ்…’ என்று காற்று பீறிடும். காலையில் பழுத்த அத்தி மரம் ஒன்றின் கீழ் நின்றால் போதும். தேடி அலைய வேண்டாம். அதே மரத்துக்குப் புறாக்களும் வரும்.

பிப்ரவரி முதல் மே வரை கூடு கட்டும் காலம். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தாலேயே வாயிலை அடைத்து, அலகு நுழையும் கீற்றை மட்டும் விட்டுவைக்கும். ஆண் பறவை அடிமரத்தைப் பற்றிக்கொண்டு கழுத்தை ஒரு உலுக்கு உலுக்கும்; தொண்டையிலிருந்து ஒரு அத்திப்பழம் அலகு நுனிக்கு ஏறிவரும். அதைக் கீற்றில் கொடுக்கும். மறுபடி உலுக்கல், மறுபடி ஒரு பழம். தொண்டை காலியாகும் வரை இது நடக்கும். காணக் காணச் சலிக்காது. வெயில் ஏறியதும் காடு அடங்கிவிடும். அப்போது கரைப்பக்கம் நீர் உடும்பைப் பார்க்கலாம். அந்தி சாய, இருவாட்சிகள் கூட்டமாக அடையும்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் எஸ். ஏ. ஹுசைன் 1972-இல் இங்கு வந்து ஆராய்ந்தார். பின்னர் கோவையிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தினரும் ஆய்வு நடத்தினர்.

அண்மை நிலை

1977-இல் சரணாலயம் ஆயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு உணவுக்காகக் கொண்டுவந்து விட்ட ஆடுகள் பல்கி, இளங்கன்றுகளை மேய்ந்து தீர்த்தன; பிற்பாடு அவற்றை அகற்றினர். 1986 ஒப்பந்தத்தால் பர்மாவுடனான கடல் எல்லை வரையறுக்கப்பட்டது. கடலோரக் காவல்படையின் ரேடார் திட்டத்தை 2012-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது, 2014-இல் இசைந்தது. 2021-இல் இங்கிருந்து ஒரு புதிய மூஞ்சூறு இனம் விவரிக்கப்பட்டது. இருவாட்சிகள் அண்மைக் கணிப்பின்படி ஆயிரத்தை ஒட்டி உள்ளன. கரையிறங்க வனத்துறையின் முன் அனுமதி தேவை.