தைப்பிங்கில் ஒரு நாள்

விடுமுறை நாளில் உறவினர் வீட்டுக்கு வந்தால், கோயில், கடைத்தெரு என்று சுற்றிவிட்டுத் திரும்புவது நம் வழக்கம். சென்ற விடுமுறையில் பெரியப்பா, பெரியம்மா, அத்தை பிள்ளைகள் எல்லாருமாக ஒரு வேன் பிடித்து, பேராக் மாநிலத்தின் தைப்பிங் பட்டணத்துக்குப் போய்வந்தோம். அங்கே கண்டதையும் அதன் பின்னால் உள்ள வரலாற்றையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பசியாறிவிட்டு முதலில் சென்றது ஏரிப் பூங்காவுக்கு. கரையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் சடக்கைத் தாண்டித் தண்ணீர்மேல் கிளை தாழ்த்தி நிற்கும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். "இந்த ஏரியை யார் வெட்டினார்கள்?" என்று கேட்டான் அத்தை மகன். ஏரிக்காக யாரும் வெட்டவில்லை. ஈயம் எடுக்கத் தோண்டிய பள்ளங்களே பிறகு ஏரிகளாயின.

அந்த ஈயத்துக்காக இங்கே இரத்தமும் சிந்தியது. லாருட் என்ற இந்த வட்டாரத்தில் கீ ஹின், ஹாய் சான் என்ற இரு சீன இரகசியச் சங்கங்கள் 1861 முதல் பலமுறை மோதிக்கொண்டன. மலாய்ப் பிரபுக்களின் பதவிப் போட்டியும் அதோடு சேர்ந்துகொண்டது. 1874 ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தான பிறகே சண்டை ஓய்ந்தது. பேராக்கில் ஆங்கிலேயரின் கையும் ஓங்கியது. அதற்குப் பின்தான் ஊருக்குத் தைப்பிங் என்ற பெயர் நிலைத்தது. சீனத்தில் அதன் பொருள் "பெரும் அமைதி". 1937இல் ஈப்போவுக்கு மாறும்வரை பேராக்கின் தலைநகரம் இதுவே.

அடுத்து நூதனசாலை. 1883இல் தோன்றிய இது, நாட்டிலேயே மிகப் பழையது. அதற்கு எதிரே 1879இல் ஏற்பட்ட சிறைச்சாலையின் நெடுஞ்சுவர். "பார்க்க வேண்டிய இடமும் போகக்கூடாத இடமும் எதிரெதிரே இருக்கிறதே" என்று பெரியப்பா சொல்ல, எல்லாரும் சிரித்தோம்.

மலையடிவாரத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தபோது, மலாயாவின் வடக்கே எதிர்த்து நின்றவர்களில் பெரும்பகுதியினர் இந்தியப் படைப்பிரிவினர். இங்கே எண்ணூற்றைம்பதுக்கும் அதிகமான வீரர்கள் அடக்கமாகியுள்ளனர். அவர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் யாரென்று அறியப்படவில்லை. சிரித்துக்கொண்டு வந்த பிள்ளைகள் அந்த வெள்ளைக் கற்களுக்கு நடுவே தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

தைப்பிங் என்றால் மழை. பிற்பகலில் அதுவும் தவறாமல் வந்தது. நனைந்தபடியே வேனில் ஏறிக் கோலா செப்பெத்தாங் போனோம். அதன் பழைய பெயர் போர்ட் வெல்ட். சுரங்க ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுசெல்ல, தைப்பிங்கிலிருந்து இந்தத் துறைமுகம்வரை சுமார் எட்டு மைல் நீளத்துக்கு இரயில் பாதை போடப்பட்டது. 1885 ஜூன் 1ஆம் நாள் அது திறக்கப்பட்டது. மலாயாவின் முதல் இரயில் பாதை அதுதான்.

அதைப் போட்டவர்கள் யார்? இலங்கையில் சாலை வேலைகளில் பழகிய பயனியர் படையின் இரு பிரிவுகளை வரவழைத்தார்கள். அங்கே அந்தப் படையில் பெரும்பாலும் உழைத்தவர்கள் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர்கள். இந்த நாட்டில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகுவதற்கு முன்பே, சேற்றையும் சதுப்புக் காட்டையும் கடந்து மண் கொட்டிக் கட்டை அடுக்கிய கைகள் அவை. பாதையைத் திறந்த அதிகாரிகளின் பெயர்கள் ஏட்டில் உண்டு. கட்டை சுமந்தவர்களின் பெயர்களை யாரும் சொல்வதில்லை.

இப்போது அங்கே தண்டவாளம் இல்லை. பழைய நிலையத்தின் பெயர்ப் பலகை நிற்கிறது. பெரியம்மா தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். பலகையை அண்ணாந்து பார்த்து, ஆங்கிலம், ஜாவி, சீன எழுத்துகளோடு இருந்த தமிழை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார். "நம்ம எழுத்தும் இருக்கே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

வேனில் திரும்பும்போது அத்தை மகன் கேட்டான்: "பெரியப்பா, கப்பலில் வந்த நம் பாட்டனார் பெயர் என்ன?" பெரியப்பா யோசித்தார்; தம் தாத்தாவின் பெயரைச் சொன்னார். அவருக்கு முந்தியவர் பெயர் தெரியவில்லை. பெரியம்மாவுக்கும் தெரியவில்லை. கல்லறைத் தோட்டத்தின் பெயரில்லாத கற்கள்தாம் அப்போது என் நினைவுக்கு வந்தன.

நேயர்களே, இராசாக்களின் ஆண்டுகளைப் பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொள்வார்கள். நம் குடும்பத்தின் கதையை நாம்தான் சொல்ல வேண்டும். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் முதலில் இறங்கினார்கள், என்ன வேலை செய்தார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இன்றிரவே கேளுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றை உட்காரவைத்து நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த விடுமுறையில் பக்கத்தில் உள்ள பட்டணம் ஒன்றுக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள பழைய சடக்கும் பாலமும் உங்களுக்குச் சொந்தமான ஒரு கதையைச் சொல்லக்கூடும்.