அடிஷம் பங்களா

ஆங்கிலேயப் பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகையைக் காண வேல்சுக்கோ இங்கிலாந்துக்கோ போகவேண்டியதில்லை. நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாக ஹப்புத்தளைக்குச் சென்றால், தங்கமலைக் காட்டை ஒட்டி அப்படியொன்று நிற்கிறது. (காட்டின் பெயர் தமிழாயிருப்பதைக் கவனியுங்கள்.) கென்ட்டிலுள்ள லீட்ஸ் கோட்டையை முன்மாதிரியாகக் கொண்டது என்பர். கருங்கல் சுவர்கள், கதவும் படிக்கட்டும் பர்மாத் தேக்கு. நான் பார்த்த தோட்டத்துப் பங்களாக்களில் எதுவும் இதற்கு ஈடில்லை.

கட்டியவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ். கென்ட்டில் அடிஷம் என்ற கிராமத்துப் பாதிரியாரின் மகன். ஊர்ப் பெயரையே வீட்டுக்குச் சூட்டினார். 1887இல் இலங்கைக்கு வந்து, ஹட்டனை அடுத்த நோர்வூட் எல்படைத் தோட்டத்தில் சின்னத்துரையாகத் தொழில் பழகினார். பின்னர் ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் தலைவராகவும் சட்டசபை உறுப்பினராகவும் உயர்ந்தார்.

அவருடைய தாய்வழிப் பாட்டனார் லோர்ட் ஜோன் ரசல், இருமுறை பிரிட்டிஷ் பிரதமராயிருந்தவர். வாக்குரிமையை விரிவாக்கும் சீர்திருத்த மசோதாவை 1831 மார்ச்சில் காமன்ஸ் சபையில் முன்வைத்தவரும் அவரே. சரியாக நூறாண்டு கழித்து, 1931இல், பேரனின் மாளிகை எழுந்து முடிந்தது. அதே ஆண்டில்தான் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் இலங்கையில் சர்வஜன வாக்குரிமைத் தேர்தல் நடந்தது. வதிவிட நிபந்தனைகளுக்கு உட்பட்டேனும் தோட்டத் தொழிலாளர்களும் வாக்காளராயினர். ஹட்டன் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தெரிவான பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். துரையின் முன்னால் தலைப்பாகையை அவிழ்த்து நின்ற சமூகத்துக்கு இது சிறிய செய்தியன்று.

மாளிகை நிலைத்த அளவுக்கு வாக்குச்சீட்டு நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் லயன் காம்பராக்களில் வாழ்ந்த பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. வெள்ளையர் கொடுத்ததைச் சுதந்திர இலங்கை பறித்தது என்பதைக் கசப்புடன்தான் எழுதவேண்டியிருக்கிறது.

1961இல் கத்தோலிக்கத் திருச்சபை அடிஷத்தை வாங்கியது; அது பெனடிக்டன் துறவியர் மடமாயிற்று. வரவேற்பறையும் நூலகமும் வில்லியர்ஸ் காலத்துத் தளபாடங்களோடு பேணப்படுகின்றன. மூன்றாண்டு கழித்து, 1964 அக்டோபரில், சிறிமாவும் சாஸ்திரியும் தொழிலாளர் குடும்பங்களைப் பங்கிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டனர். நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.