நீரடியில் ஒரு நெருப்பு

இரப்பர்ப் பாலை உறையச் செய்யும் அமிலம் தோலில் பட்டால் எரியும் என்பதை ரெங்கம் வட்டாரத் தோட்ட மக்கள் நன்கறிவர். ஒரு குவளை அமிலத்தைக் கையாளவே அத்துணை விழிப்பு வேண்டும். அதனினும் கொடிய திரவங்களை டன் கணக்கில் சுமந்து கடலடியில் உலவிய மாலுமிகளின் வரலாறு அறியத் தக்கதாகும்.

ஏவுகணைக்குத் திட எரிபொருளும் உண்டு. திரவ எரிபொருளும் உண்டு. ஒரே எடைக்குப் பொதுவாக மிகுந்த ஆற்றலைத் தருவது திரவமே. ஆயினும் திரவ ஆக்சிஜன் கடுங்குளிரிலேயே நிலைக்கும். நீர்மூழ்கிக் கப்பலில் அதை நெடுநாள் சேமித்தல் அரிது. ஆதலின் சோவியத்து அறிஞர் நைட்ரிக் அமிலத்தையும் மண்ணெண்ணெயையும் நாடினர். 1955 செப்டம்பர் 16-இல் வெண்கடலில் பி-67 என்னும் நீர்மூழ்கியிலிருந்து ஆர்-11எஃப்எம் ஏவுகணை பாய்ந்தது. நீர்மூழ்கியிலிருந்து ஏவப்பட்ட முதல் பாலிஸ்டிக் ஏவுகணை அதுவே. அதன் இயந்திரத்தை வடிவமைத்தவர் அலெக்சி இசாயெவ். எனினும், கப்பல் நீர்மட்டத்திற்கு வந்த பின்னரே அதை ஏவ முடிந்தது.

அமெரிக்கக் கடற்படையோ திரவத்தின் இடரை எண்ணித் திட எரிபொருளைத் தேர்ந்தது. 1960 ஜூலை 20-இல் நீருக்கடியிலிருந்தே போலாரிஸ் ஏவுகணையைச் செலுத்திற்று. சோவியத்தார் திரவத்தைக் கைவிட்டாரல்லர். 1968-இல் பணிக்கு வந்த ஆர்-27 ஏவுகணையில், இயந்திரத்தையே எரிபொருள் தொட்டிக்குள் அமிழ்த்தி நீளத்தைக் குறைத்தனர். தொழிற்சாலையிலேயே திரவங்களை நிரப்பித் தொட்டிகளை இறுக மூடினர். அத்திரவங்கள், ஹைட்ரசீன் வகை எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் ஆகும். அவை ஒன்றையொன்று தொட்ட கணமே தீப்பற்றும். மூட்ட வேறு நெருப்பு வேண்டா. அவற்றின் வலிமையும் அதுவே, ஆபத்தும் அதுவே.

அவ்வாபத்து 1986 அக்டோபர் 3-இல் வெளிப்பட்டது. பெர்முடா தீவுக்கு அப்பால் கே-219 நீர்மூழ்கியின் ஏவுகணைக் குழாயொன்றில் கடல்நீர் கசிந்தது. வெடிப்பு நிகழ்ந்தது; நச்சுப்புகை கப்பலுள் பரவியது. செர்கெய் பிரெமினின் என்னும் 20 வயது மாலுமி, உலை அறைக்குள் சென்று அணு உலையைத் தம் கையாலேயே நிறுத்தினார். பின்னர்க் கதவு திறவாமற் போகவே உள்ளேயே உயிர் துறந்தார். அக்டோபர் 6-இல் கப்பலும் மூழ்கியது.

இதே இனத் திரவங்களைத் தமிழ் மண்ணும் அறியும். 1974-இல் பிரான்சுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன் முதலிய இந்திய அறிவியலாளர் வெர்னோன் நகரில் வைக்கிங் இயந்திர நுட்பத்தைக் கற்றனர். அதன் பயனாக விளைந்ததே ‘விகாஸ்’ இயந்திரம். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் அது சோதிக்கப்படுகின்றது. 2008-இல் சந்திரயான்-1 விண்கலத்தை ஏற்றிச் சென்ற ஏவூர்தியின் இரண்டாம் கட்டத்தை உந்தியது அவ்வியந்திரமே. ஆயின் ஒரு வேறுபாடு காண்க. இங்கே திரவங்கள் ஏவுதளத்தில்தான் நிரப்பப்படுகின்றன. நிரப்பிய தொட்டியின் அருகே எவரும் உண்டு உறங்குவதில்லை.

போர்க்கருவியும் பின்னாளில் பணிமாறியது. 1998 ஜூலை 7-இல் பேரண்ட்சு கடலடியில் இருந்த உருசிய நீர்மூழ்கியொன்று, மாற்றியமைத்த திரவ ஏவுகணையால் இரு செருமானியச் சிறு செயற்கைக்கோள்களை விண்ணில் சேர்த்தது. 2000-இல் மலேசியாவின் தியுங்சாட்-1 சென்றதும், முன்னர்த் தரையிலிருந்து ஏவும் போர்க்கணையாயிருந்த ஒரு திரவ ஏவூர்தியிலேயே.

வள்ளுவர் இடனறிதலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். ஆற்றலை அறிந்தால் மட்டும் போதாது. அது நிற்க வேண்டிய இடத்தையும் அறிதல் வேண்டும். மாணவர்க்கு வேதியியலைப் பயிற்றும் ஆசிரியர், திரவங்களின் பெயரோடு பிரெமினின் பெயரையும் சொல்லித் தருவாராக.