நோட்டரிக்கோன்

நீதிமன்ற வாசலில் 'நோட்டரி பப்ளிக்' என்று பலகை மாட்டியிருப்பவரை இலங்கைத் தமிழர் நொத்தாரிசு என்பார்கள். இரண்டும் 'நொத்தாரியுஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தவை. 'நொத்தா' என்றால் குறி. பழைய ரோமில் நொத்தாரியுஸ் என்பவர், பேச்சைக் குறிகளால் விரைந்து எழுதிக்கொள்ளும் சுருக்கெழுத்தாளர்.

அந்தச் சொல் கிரேக்கம் வழியாக யூத ரபிமார்களிடம் போய் 'நோட்டரிக்கோன்' ஆயிற்று. சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில் ஒரு வழக்கு வருகிறது. ஓய்வுநாளில் இரண்டு எழுத்து எழுதினால் குற்றம். ஒரே ஓர் எழுத்தை, ஒரு முழுச் சொல்லின் சுருக்கமாக, நோட்டரிக்கோனாக எழுதினால்? குற்றம்தான் என்கிறார் ஒரு ரபி. மற்ற அறிஞர்கள் விட்டுவிடுகிறார்கள். இங்கே சொல் இன்னும் எழுதுகிறவர் பக்கமே நிற்கிறது.

மிஷ்னாவுக்கு விரிவுரையான தல்மூதில் அது வாசிப்பவர் பக்கம் வந்துவிடுகிறது. பத்துக் கட்டளைகளின் முதற்சொல் 'அனோகி', அதாவது 'நான்'. அதன் நான்கு எழுத்துகளையும் நான்கு சொற்களின் முதலெழுத்தாக விரித்து, கடவுள் தாமே எழுதித் தந்தார் என்று பொருள் கண்டார்கள். கைவலியை மிச்சம் பிடிக்கப் பிறந்த சொல், பொருளைப் பெருக்கும் முறைக்குப் பெயரானது.

இதைத் திருப்பிப் போட்டால், தொடரின் முதலெழுத்துகளைக் கூட்டிச் சொல் காண்பது. எனக்கு மிகவும் பிடித்தது எபிரேய வேதத்தின் உபாகமம் 30:12. அதில் விண்ணேறிச் செல்வதைப் பற்றிக் கேட்கும் எபிரேயச் சொற்கள் நான்கு. முதலெழுத்துகள் மேம், யோத், லாமேத், ஹே: 'மீலா', விருத்தசேதனம். கடைசி எழுத்துகள் யோத், ஹே, வாவ், ஹே: கடவுளின் திருப்பெயர். உடன்படிக்கையின் அடையாளம் ஒரு முனையில், உடன்படிக்கை செய்தவர் பெயர் மறுமுனையில். எத்தனை முறை எழுத்துக்கூட்டிப் பார்த்தாலும் வியப்புத் தீரவில்லை.

எபிரேயத்தில் இது கைகூட ஒரு காரணம் உண்டு. உயிரொலிகள் பெரும்பாலும் எழுத்தில் வராததால், நாலு மெய்கள் சேர்ந்தாலே ஒரு சொல்லாக வாசிக்க வழியிருக்கிறது. தமிழில் 'கி'யும் 'கோ'வும் தத்தம் உயிரோடு கட்டுண்டவை. அவ்வளவு நெகிழ்வு இல்லை.

இதே முறையில், உன்னதப்பாட்டு 6:3இன் முதல் நான்கு சொற்கள் 'எலூல்' என்ற மாதப் பெயரைத் தருகின்றன. ஆனால் எலூல் பாபிலோனிய மாதப் பெயர், பாட்டிலிருந்து பிறந்ததல்ல. அதற்காக இந்த வாசிப்பைப் பொய் என்று நான் தள்ளமாட்டேன். யூதப் புத்தாண்டுக்கு முந்திய அந்த மனந்திரும்பும் மாதத்துக்குக் காதலர் பாட்டை உறவாக்கியவர்கள், கடவுளை எப்படி நெருங்க விரும்பினார்கள் என்பது அதில் தெரிகிறது.

இன்றைய எபிரேயத்தில் முதலெழுத்துச் சுருக்கத்துக்கு 'ராஷே தேவோத்', சொற்களின் தலைகள், என்று பெயர். 1204இல் மறைந்த ரபி மோஷே பென் மைமோனை 'ரம்பாம்' என்று சுருக்கும்போது கடைசி எழுத்துக்கு முன் இரண்டு சிறு கோடுகள் இடுவார்கள். சுருக்கம் என்று கண்டவுடன் தெரியும். வேதச் சுருளில் அந்தக் கோடுகள் கிடையாது. எந்தச் சொல்லின் தலையில் நிற்பது என்பதை வாசிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும்.